கையில் வைத்த சீனி

ஸ்பிரிங்வெளி தோட்டம், பதுளை
11.02.2024

அன்பான தம்பி ஜெயகுமாருக்கு,

அக்கா கலாராணி எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் இங்கே முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பும் புஷ்பத்தின் உடம்பும் எப்படியென்று விவரமாக எழுது. "நல்லா இருக்கேன்" என்று மட்டும் எழுதாதே, அதைக் கேட்கத்தான் போன் இருக்கிறது. நம் லயத்து வீட்டுக்குள் சிக்னல் வராது. மேலே பாறை வளைவுக்கு ஏறிப் போய்ப் பேசினால் அங்கே நிற்கிற அத்தனை பேரும் காதைக் கொடுத்துக் கேட்பார்கள், நீயும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய். டயலிசிஸ் கட்டிலில் நாலு மணித்தியாலம் ஒரு கை சும்மாதான் கிடக்கிறது, கடிதம் எழுதலாம் என்று நீதான் ஆரம்பித்தாய். இப்போது அந்தக் கைக்கு ஒரு வேலை தருகிறேன்.

என் முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனால் பிள்ளைக் காம்பராவில் பதினாறு பிள்ளைகளும் மாலை வரை என் பொறுப்பு. தரையில் உட்கார்ந்தால் எழும்ப ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். அதற்கு நாலு வயதுப் பிள்ளைதான் ஓடி வருகிறது. டாக்டரிடம் காட்டினேன். "உடம்பக் குறைங்க, மத்ததப் பொறகு பாப்போம்" என்றார்.

சாப்பிடும் நேரத்தை மாற்றி உடம்பைக் குறைப்பதைப் பற்றி நீ போனில் நிறையப் பார்ப்பதாகப் புஷ்பம் சொல்லியிருக்கிறாள். எனக்கும் அதை விளங்கும்படி எழுது.

தைப்பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அந்தப் பேச்சை இந்தக் கடிதத்திலும் எடுக்கவில்லை, பார்த்துக்கொள்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா

•

கொட்டாஞ்சேனை, கொழும்பு
24.02.2024

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இன்று ஊசி ஏறிய கை கட்டிலில், மற்றக் கை உன் வேலையில். கால் வீக்கம் முன்னைவிடக் குறைவு. இரும்புக்கடை முதலாளி கிழமையில் மூன்று நாள் வந்தால் போதும் என்கிறார். புஷ்பம் சுகம். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

பொங்கலன்று நான் கத்தியது தப்புத்தான். ஆனால் சொன்னது தப்பில்லை. உன் வயிற்றைக் கிழித்து ஒரு சிறுநீரகத்தை எடுத்து எனக்கு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். என்னைத் தூக்கிச் சுமப்பதற்காக ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நீ. உன்னிடம் எடுத்தவரை போதும். அந்தப் பேச்சை எடுக்காமல் விட்டாயே, அதற்கு நன்றி.

இனி உன் முழங்காலுக்கு வருவோம். இந்த வேலைக்கு நான் நல்ல வாத்தியார்தான். இரவு ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிடு. அதற்குப் பிறகு மறுநாள் பகல் பதினொரு மணி வரை வாயில் ஒன்றும் போடக்கூடாது. இதுதான் பதினாறு மணித்தியாலம். எடுத்த எடுப்பில் அவ்வளவுக்குப் போகாதே, முதல் கிழமை பன்னிரண்டு போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. இடையில் தண்ணீர் குடிக்கலாம். வெறும் தேத்தண்ணி குடிக்கலாம். பாலும் சீனியும் கூடாது. சாப்பிடுகிற நேரத்தில் சோறு, கீரை, பருப்பு எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடு. பட்டினி கிடந்ததற்குப் பழி வாங்குகிற மாதிரி சாப்பிடாதே. தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ.

உனக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடு, எனக்குத் தண்ணீரில். ஒரு நாள் முழுவதற்கும் ஒரு சின்னப் போத்தல்தான். காலையில் நிரப்பி வைத்துக்கொண்டு மூடியால் அளந்து குடிக்கிறேன். கண்ணை மூடினால் நம் லயத்துப் பீலிதான் வருகிறது. மலைத்தண்ணீர் மூங்கிலில் கொட்டும், நீ என்னை இடுப்பில் தூக்கிப் பிடிப்பாய், நான் வாய் வைத்துக் குடிப்பேன், பாதித் தண்ணீர் உன் பாவாடையில் போகும். உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

எடை பார்த்து எழுது. ஏமாற்றக் கூடாது.

உன் வாத்தியார்,
ஜெயகுமார்

•

ஸ்பிரிங்வெளி
03.03.2024

அன்புள்ள புஷ்பத்துக்கு,

அம்மன் துணையால் நீ தைரியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உன் பக்கத்து வீட்டு ரிஸ்காவின் விலாசத்துக்குப் போடுகிறேன். அந்தப் பிள்ளை உன் கையில் கொடுத்துவிடும் என்று நீ சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். ஜெயகுமார் கண்ணில் படாமல் கிழித்துப் போட்டுவிடு.

கண்டிக்குப் போய் எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று. இரத்தம் பொருந்துகிறது. எனக்குச் சீனி வருத்தமோ பிரஷரோ இல்லை. "ஒங்க கிட்னி ரெண்டும் நல்லா வேல செய்யுதும்மா, ஒடம்புதான் கூட" என்றார் டாக்டர். ஒன்பது கிலோ குறைய வேண்டும். இந்த உடம்போடு கத்தி வைத்தால் எனக்கு ஆபத்து, பிறகு மிஞ்சுகிற ஒரு கிட்னிக்கும் பாரமாம். ஐப்பசியில் மறுபடி பார்ப்பார்கள்.

உன் மாமியார் பெற்றுப் போட்டுவிட்டு மூன்றாம் மாதமே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டார். அவனை வளர்த்தது நான். அவன் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பது எனக்கும் தெரியும். இப்போது கேட்டால் மறுபடி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போவான். பாடுபட்டு மெலிந்து கொழும்புக்கே வந்து முன்னால் நின்றால் எப்படித் திருப்பி அனுப்புவான் என்று பார்க்கிறேன். அதுவரை இது முழங்கால் வலிதான். வலியும் இருக்கிறது, அதனால் முழுப் பொய்யில்லை.

கூத்து என்னவென்றால் இதற்கு வழி சொல்லித் தருவதே அவன்தான்.

உன் மேல் நம்பிக்கையுள்ள,
கலாராணி மதினி

•

ஸ்பிரிங்வெளி
07.04.2024

தம்பிக்கு அக்காவின் அன்பு.

சித்திரை பிறக்கப் போகிறது. நீயும் புஷ்பமும் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று கோயிலில் அர்ச்சனை வைத்தேன். இங்கே மழை இல்லை, கொழுந்தும் இல்லை, மாமாவுக்குச் சளி மட்டும் குறையாமல் இருக்கிறது.

வாத்தியார் சொன்னபடி பதினாறு மணித்தியாலத்துக்கு வந்துவிட்டேன். முதல் கிழமை மாமாவுக்கு ரொட்டி சுடும்போது கை தானாகப் பிய்த்து வாயில் போட்டுவிட்டது. போட்டதைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தேன். அதைவிடப் பெரிய கஷ்டம் பிள்ளைக் காம்பராவில். பிள்ளைகள் பாதி தின்றுவிட்டு வைக்கிற திரிபோஷா சத்துமா உருண்டை, பிஸ்கட்டு, வாழைப்பழம் எல்லாம் இத்தனை காலம் எங்கே போனதென்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இப்போது மிச்சத்தையெல்லாம் காம்பராவைக் கூட்டுகிற ஆயாம்மாவின் கோழிக்குப் போடுகிறேன். கோழி நன்றாகத் தேறியிருக்கிறது.

எடை பார்க்க எங்கே போவேன்? மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற கொக்கித் தராசு இருக்கிறதே, சாக்கெல்லாம் நிறுத்து முடிந்த பிறகு அதில் இரண்டு கையாலும் தொங்கினேன். கணக்கப்பிள்ளை ரமேஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, தராசு அறுந்துச்சுனா தொரைக்கி நான்தான் பதில் சொல்லணும்!" "கொழுந்துல சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற மாதிரி எனக்கும் சேலைக்கு ரெண்டு கிலோ கழிச்சுப் போடுங்க தம்பி. கழிக்கிறதுலதான் நீங்க கஞ்சத்தனம் பாக்க மாட்டீங்களே" என்றேன். பெண்பிள்ளைகள் சிரித்த சிரிப்பு மலைக்கே கேட்டிருக்கும். கழிக்காமலே நாலு கிலோ குறைந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். காலையிலிருந்து நாலைந்து தடவை வெறும் தேத்தண்ணி குடிக்கிறேன். கோப்பையில் ஒரு துளி சீனி இல்லை. நம் வழக்கப்படி உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துத் தொட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான். தேத்தண்ணியில் போடாததால் அது பரவாயில்லைதானே? ரமேஸ் கூடாது என்கிறார். அவருக்கு எல்லாம் தெரிந்த மாதிரிப் பேச்சு. நீ சொல், உன் பேச்சைத்தான் நான் கேட்பேன்.

முழங்காலுக்குப் போட்டுவந்த வலி மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். அதை இனித் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

பாசமுள்ள அக்கா

•

கொட்டாஞ்சேனை
19.05.2024

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாமாவின் சளி எப்படி? எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

வலி மாத்திரையைத் தொடக்கூடாது என்று சொன்னது யார்? முழங்கால் டாக்டரா? சரி, எழுத வேண்டாம்.

நாலு கிலோ போதும் என்று நினைக்கிறேன். வயதான உடம்பை ரொம்ப வாட்டக் கூடாது. சனி, ஞாயிறில் பசித்தபோது சாப்பிடு. கையில் வைக்கிற சீனி கணக்கில் வராது. கோப்பையில் போடாதவரை குற்றமில்லை, தாராளமாகத் தொட்டுக்கொள். ரமேஸுக்கு என்ன தெரியும்?

ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு அனுப்பியிருக்கிறேன். பதுளை பஸ்சில் வரும். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதே, உனக்குத்தான்.

தம்பி

•

கொட்டாஞ்சேனை
26.05.2024

மரியாதைக்குரிய மதினிக்கு,

புஷ்பம் எழுதுகிறேன். உங்கள் இருவருடைய சுகத்துக்கும் தினமும் விளக்கு வைக்கிறேன்.

மதினி, அவருக்குத் தெரிந்துவிட்டது. சித்திரையில் வந்த உங்கள் கடிதத்தைச் சிரித்துச் சிரித்து வாசித்தார். தராசில் தொங்கிய கதையை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். வலி மாத்திரை வரியில் வந்து நின்றுவிட்டார். "கிட்னி டாக்டருதான் மொத நாளே இதச் சொல்லுவாரு. எனக்கும் இதத்தான் சொன்னாரு" என்றார். அதற்குப் பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். உண்மையைக் கேட்க அவருக்குப் பயம்.

பதில் எழுதுவதற்கு முந்தின நாள் புறக்கோட்டைக்குப் போய் மஸ்கட் வாங்கி வந்தார். அவர் ஏன் வாங்கினார் என்று உங்களுக்கே விளங்கும். நீங்கள் மெலியக்கூடாது, அதுதான்.

போன மாதம் இரண்டு தடவை கையில் டயலிசிஸ் ஊசி போடுகிற இடத்தில் இரத்தம் கட்டிவிட்டது. அதை அவர் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார். நான் கோபமாகவும் இருக்கிறேன், பயமாகவும் இருக்கிறது. நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

உங்கள்,
புஷ்பம்

•

ஸ்பிரிங்வெளி
30.06.2024

தம்பி ஜெயகுமாருக்கு,

இந்தக் கடிதம் உன்னை நல்ல சுகத்தோடு காண வேண்டும். கை எப்படி இருக்கிறது? மாமாவுக்குச் சளி விட்டுவிட்டது. இங்கே காற்று, லயத்துத் தகரம் ஒரே சத்தம்.

மஸ்கட் வந்தது. நல்ல மஸ்கட்தான், முந்திரிப்பருப்பெல்லாம் போட்டிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே. பதினாறு பிள்ளைகளுக்கும் அன்றைக்குத் தீபாவளி.

இரண்டு மாதமாகத் தராசு அசையவில்லை. அந்த நாலு கிலோவோடு அப்படியே நிற்கிறது. ஒரு தடவை அரைக் கிலோ கூடியும் காட்டியது. எங்கே பிழை விடுகிறேன் என்று எனக்கு விளங்கவில்லை. சீனி விஷயத்தில் நீ சொன்னபடி தாராளமாகத்தான் தொட்டுக்கொள்கிறேன். ரமேஸ் இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். "என் தம்பி சொல்லிருச்சு, அது சின்ன வயசுலருந்து எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். நீ மஸ்கட் அனுப்புவாய், அது பாசம். பொய் சொல்ல மாட்டாய்.

அதனால் பிழை என் சாப்பாட்டில்தான் இருக்க வேண்டுமென்று பகல் சோற்றையும் விட்டுவிட்டேன். மூன்று கிழமையாக மாலையில் மட்டும்தான் சாப்பாடு. நேற்றுப் பிள்ளையைத் தொட்டிலில் போடக் குனிந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. நல்ல வேளை, பிள்ளையைப் போட்ட பிறகுதான் விழுந்தேன். பிள்ளைகள் சுற்றி நின்று கை தட்டின, விளையாட்டு என்று நினைத்துவிட்டன. பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. முழங்காலுக்காகத்தானே.

வேறு ஏதாவது வழி இருந்தால் எழுது.

அக்கா

•

ஸ்பிரிங்வெளி
01.09.2024

தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பதாகப் புஷ்பம் எழுதியிருந்தாள். உன் கையால் ஒரு வரி வரவில்லை. தபால் ஆபீசில் கிடக்கிறதோ என்று தோட்டத்து ஆபீசில் மூன்று தடவை கேட்டுவிட்டேன். கிளார்க் ஐயா என்னைக் கண்டாலே இல்லை என்று தலையாட்டுகிறார்.

கோபமா? அப்படியென்றால் நானும் கொஞ்சம் கோபப்படுகிறேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கும் மலைக்கும் நடந்த நாட்களில் எனக்குப் பன்னிரண்டு வயது. நீ குண்டுப் பிள்ளை. அப்போது நீ, "அக்கா, உனக்குப் பாரம், என்னை இறக்கி விடு" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சுகமாகத் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கினாய். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. அதற்காக நான் பள்ளிக்கூடத்தை விட்டதை நீதான் பெரிய நஷ்டமாக நினைக்கிறாய். எனக்கு உன்னைத் தவிர வேறு பிள்ளை பிறக்கவில்லை, ஜெயகுமார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் எழுதிவிட்டேன்.

தராசு இன்னும் அசையவில்லை. ஐப்பசிக்குள் குறைய வேண்டும், முழங்காலுக்காக. ஒரு வரி போடு.

அக்கா கலாராணி

•

கொட்டாஞ்சேனை
15.09.2024

என் அக்காவுக்கு,

உன் சுகத்தை இந்தக் கடிதத்தில் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கையில் வைக்கிற சீனியும் சாப்பாடுதான் அக்கா. கோப்பையில் போட்டாலும் உள்ளங்கையில் வைத்தாலும் போகிற இடம் ஒன்றுதான். நாலைந்து தடவை தொட்டுக்கொண்டால் நீ விடிந்ததிலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். நாளைக் காலையிலிருந்து அதை விட்டுவிடு. ரமேஸ் சொன்னதுதான் சரி. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்.

பகல் சோற்றைக் கட்டாயம் சாப்பிடு. பதினொரு மணிக்கு ஒரு தரம், ஏழு மணிக்குள் ஒரு தரம். பருப்பும் முட்டையும் சேர்த்துக்கொள். சனி, ஞாயிறு என்றெல்லாம் விதிவிலக்கு கிடையாது. இனி ஒரு தடவை தலை சுற்றினால் அன்றே டாக்டரிடம் போ. தொட்டில் பக்கத்தில் நீ விழுந்ததை வாசித்த நாளிலிருந்து என்னால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. புஷ்பம் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகு, பேசாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கும்படி பேசினாள்.

நேற்று என் டாக்டரிடம் உன் முழங்காலைப் பற்றிப் பேசினேன். சிறுநீரக டாக்டரிடம் முழங்காலைப் பற்றி ஏன் பேசினாய் என்று நீ கேட்கப்போவதில்லை. எடை சரியாக இருந்தால் தை மாதம் செய்யலாம் என்றார். எனக்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன். சொல்லிவிட்டு அந்த ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். தாதி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள், அதையும் அளந்துதான் குடித்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. எனக்காக இல்லை, உனக்காக. இருந்தாலும் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்கிறேன்.

எடை பார்த்து எழுது.

உன் ஜெயகுமார்

•

ஸ்பிரிங்வெளி
10.11.2024

என் தங்கத் தம்பிக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. மாமா சுகம், நான் சுகம், பிள்ளைக் காம்பராவில் இரண்டு பேருக்குப் பல் முளைத்திருக்கிறது.

போன கிழமை கண்டி டாக்டர் எடை பார்த்தார். ஒன்பதுக்கும் மேலே குறைந்திருக்கிறது. சேலைக்குக் கழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. "நல்லா செஞ்சிருக்கீங்கம்மா, யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். என் தம்பி என்றேன். அவர் எல்லாம் தெரிந்துகொண்டு சிரித்தார். ரமேஸ் மட்டும் இன்னும் மடுவத்தில் எல்லோரிடமும், "நான்தான் மொதல்ல சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும், சொன்னது அவர்தானே.

சீனி இல்லாத தேத்தண்ணி முதல் பத்து நாள் வாயில் நிற்கவில்லை. இப்போது ருசியாக இருக்கிறது. இத்தனை வருஷம் தேயிலைக்குள்ளேயே கிடந்துவிட்டு இப்போதுதான் தேத்தண்ணியின் ருசி எனக்குத் தெரிகிறது. முழங்காலும் உண்மையிலேயே சுகமாகிவிட்டது. தரையிலிருந்து நானே எழும்புகிறேன். கை கொடுக்க ஓடி வருகிற பிள்ளைக்குத்தான் ஏமாற்றம்.

மார்கழி முடிய மாமாவோடு கொழும்புக்கு வருகிறேன். நீ பயப்படாதே. எனக்கும் பயம் இருக்கிறது, ஆனால் சந்தோஷம் அதைவிடக் கூட.

பீலிக்கு மாமா புது மூங்கில் வைத்திருக்கிறார். பழையது உளுத்துப் போயிருந்தது. உடம்பு தேறி நீ இங்கே வரும்போது அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, நம் வீட்டுப் பெரிய செம்பு நிறையத் தருவேன். அந்தப் போத்தலைக் கொண்டு வராதே. நீ குடிக்கிறதை யாரும் அளக்க மாட்டார்கள்.

அக்கா